அழகில்லாத விண்கலம் நேராகப் பறப்பது எப்படி?

மாணவர்களே, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து விண்கலம் ஒன்றை வரையுங்கள் என்று சொன்னால் எப்படி வரைவீர்கள்? கூரிய மூக்கு, இரு பக்கமும் இறக்கை, பின்னால் நெருப்பைக் கக்கும் இயந்திரம். இடப்பக்கம் எப்படியோ அப்படியே வலப்பக்கமும். வகுப்பில் உள்ள எல்லாருடைய தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்.

இப்போது வேறொரு விண்கலத்தின் படத்தைக் காட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கம் தடித்திருக்கிறது, மறுபக்கம் மெலிந்திருக்கிறது. மூக்கும் இல்லை, இறக்கையும் இல்லை. "இதென்ன, பார்க்கவே அசிங்கமாக இருக்கிறதே!" என்றுதான் சொல்லத் தோன்றும். புகழ்பெற்ற கணினி விளையாட்டு ஒன்றின் ரசிகர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரியா? விடை காண இயற்பியல் பாடத்தையும் நிலவுப் பயண வரலாற்றையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

பறக்காத பறவையின் பெயர்

அந்த விளையாட்டின் பெயர் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் இயங்கும் சிசிபி நிறுவனம் அதை 2003 மே மாதத்தில் வெளியிட்டது. நியூ ஈடன் என்ற கற்பனை விண்மீன் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் விளையாடுகிறார்கள். சிலர் வணிகம் செய்கிறார்கள், சிலர் விண்கற்களில் கனிமம் தோண்டுகிறார்கள், சிலர் போரிடுகிறார்கள். எதைச் செய்யவும் முதலில் ஒரு கப்பல் வேண்டும்.

இந்த விளையாட்டில் நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பதில்லை. உங்கள் கப்பலை வெளியிலிருந்து பார்த்தபடியே ஓட்டுகிறீர்கள். மணிக்கணக்கில் உங்கள் கண்முன் இருப்பது அந்தக் கப்பல்தான். பெரிய கப்பலை வாங்குவதற்குப் பல நாள் பாடுபட வேண்டும். போரில் அது அழிந்துவிட்டால் போனது போனதுதான். இவ்வளவு உழைத்து வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது என்பதில் ரசிகர்களுக்கு அக்கறை இருப்பதில் வியப்பில்லை.

அந்த அக்கறை எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. நிலையத்தில் நிறுத்தி வைத்திருக்கும் கப்பலைச் சுட்டியால் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பது இந்த ரசிகர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. 2011ஆம் ஆண்டில் ஒரு புதுப்பிப்பு வந்தபோது அந்த வசதி எடுக்கப்பட்டது. ரசிகர்கள் பொறுக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் நிறுவனம் அதைத் திருப்பிக் கொடுத்தது.

விளையாட்டில் நான்கு பேரரசுகள் உள்ளன. ஒவ்வொன்றின் கப்பல்களுக்கும் ஒரு தனிச் சாயல். அமார் கப்பல்கள் பொன்னிறத்தில் பளபளக்கும். கலெண்டே கப்பல்கள் உருண்டு திரண்டிருக்கும். மின்மட்டார் கப்பல்கள் துருப்பிடித்த தகடுகளை ஒட்டுப்போட்டுக் கட்டியவை போலத் தெரியும். கல்டாரி பேரரசோ பெருநிறுவனங்கள் ஆளும் நாடு. அவர்களுக்கு வேலை நடந்தால் போதும். அழகு இரண்டாம் பட்சம். ஆகவே அவர்களின் கப்பல்கள் சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்கியது போல இருக்கும்.

கல்டாரி கப்பல்கள் பலவற்றுக்குப் பறவைகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று மோவா. நியூசிலாந்தில் வாழ்ந்து மறைந்த, இறக்கையே இல்லாத பெரிய பறவையின் பெயர் அது. பெயருக்கு ஏற்றாற்போல், பழைய மோவா கப்பலைப் பார்த்தால் இது பறக்குமா என்ற ஐயம் எழும். இடமும் வலமும் பொருந்தாது. பகடிக்கு மோவா நல்ல தீனியானது. ஸ்கார்ப்பியன் என்ற மற்றொரு கல்டாரி கப்பலும் அப்படித்தான்.

பின்னர் நிறுவனம் பழைய கப்பல்களை ஒவ்வொன்றாகப் புதிதாக வடிவமைத்தது. மோவாவும் ஸ்கார்ப்பியனும் புதுத் தோற்றம் பெற்றன. எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. ஒரு சாரார் நிம்மதி அடைந்தார்கள். மற்றொரு சாரார், பழைய கோணல் வடிவங்கள்தாம் அந்தக் கப்பல்களின் தனித்தன்மை என்றும், கோணலைச் சீராக்கியதால் அந்த அடையாளம் மங்கிவிட்டது என்றும் குறைபட்டார்கள். அசிங்கம் என்று பெயர் எடுத்த வடிவத்துக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள்!

கண் கற்ற பாடம்

கோணலான கப்பலைக் கண்டதும் நம் கண் ஏன் முகம் சுளிக்கிறது? நாம் இதுவரை பார்த்த பறக்கும் பொருள்களை எண்ணிப் பாருங்கள். கழுகு, தும்பி, கேஎல்ஐஏ ஓடுபாதையிலிருந்து மேலெழும் விமானம். நீந்துபவற்றில் சுறா, ஓங்கில். எல்லாவற்றுக்கும் முன்பக்கம் ஒடுங்கியிருக்கும். எல்லாமே இடவல சமச்சீர் கொண்டவை.

இதற்குக் காரணம் காற்றும் நீரும்தாம். வேகமாகச் செல்லும் பொருளைக் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் மெல்லக் குறுகும் வடிவம் அந்த எதிர்ப்பைக் குறைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் அந்தப் பக்கத்தில் எதிர்ப்பு கூடி, விமானம் அத்திசையில் திரும்பப் பார்க்கும். ஆக, காற்றில் பறக்கும் பொருளுக்குச் சமச்சீர் வெறும் அழகன்று; தேவை. பிறந்த நாள் முதல் இத்தகைய வடிவங்களையே பார்த்துப் பழகிய நம் கண், "வேகமாகப் போவது என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று முடிவு செய்துவிடுகிறது.

ஆனால், விண்வெளியில் காற்று ஏது?

விசை எங்கே தள்ளுகிறது?

காற்று இல்லாவிட்டால் காற்றெதிர்ப்பும் இல்லை. பெட்டி வடிவமோ பந்து வடிவமோ, கூரிய மூக்கு உள்ளதோ இல்லாததோ, விண்வெளியில் எல்லாம் ஒன்றுதான். இறக்கைக்கும் அங்கே வேலை இல்லை. அதற்காக எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்று பொருளன்று. காற்றின் விதி போனால் வேறு விதிகள் முன்னுக்கு வருகின்றன. அவற்றில் முதன்மையானது பொருண்மை மையம்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் அடிக்கோலின் ஒரு முனையில் அழிப்பான் ஒன்றை ஒட்டுங்கள். வழுவழுப்பான மேசைமீது அதைக் கிடத்தி, சரியாக 15 சென்டிமீட்டர் கோட்டில் பென்சில் முனையால் தள்ளுங்கள். அடிக்கோல் நேராகப் போகாமல் திரும்பும். இப்போது அதே அடிக்கோலை விரல்மீது வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடம் அழிப்பான் இருக்கும் பக்கமாகத் தள்ளியிருக்கும். அங்கே தள்ளிப் பாருங்கள். அடிக்கோல் திரும்பாமல் முன்னே நகரும்.

சாயாமல் நின்ற அந்த இடமே பொருண்மை மையம். விசை அதன் வழியாகச் சென்றால் பொருள் நேராக நகரும். விலகிச் சென்றால் சுழலும். விண்வெளியில் சுழலத் தொடங்கிய கலத்தைத் தடுத்து நிறுத்தக் காற்றும் இல்லை, உராய்வும் இல்லை. எனவே இயந்திரத்தின் உந்துவிசை பொருண்மை மையத்தின் வழியாகப் போக வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்வைக்கு ஒத்திருக்கின்றனவா என்பது முக்கியமில்லை. எடைபோட்டுப் பார்த்தால் சமநிலையில் இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

ஒரு கன்னம் உப்பிய கலம்

இந்த விதியைக் கண்ணால் காண வேண்டுமானால் அப்போலோ நிலவுக்கலத்தின் படத்தைப் பாருங்கள். 1969 முதல் 1972 வரை ஆறு முறை மனிதர்களை நிலவில் இறக்கிய கலம் அது. அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் அதைக் கட்டியது. மெல்லிய நான்கு கால்கள், பொன்னிறத் தாளைச் சுற்றியது போன்ற அடிப்பகுதி, அதன்மேல் கோணல்மாணலான ஒரு தலை. அப்போலோ 9 பயணத்தில் அதை முதன்முதலில் ஓட்டிய விண்வெளி வீரர்கள் அதற்கு வைத்த பெயர் சிலந்தி!

நிலவிலிருந்து கிளம்பும்போது அடிப்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு, தலைப்பகுதி மட்டும் மேலே எழும்பும். அந்தத் தலையை முன்னாலிருந்து பார்த்தால், ஒரு கன்னம் மற்றதைவிட வெளியே உப்பியிருப்பது தெரியும். வடிவமைத்தவரின் கைப்பிசகா? இல்லவே இல்லை.

தலைப்பகுதியின் இயந்திரத்துக்கு இரண்டு திரவங்கள் வேண்டும். ஒன்று எரிபொருள். மற்றது அது எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனேற்றி. எரிபொருள் ஏறத்தாழ 900 கிலோகிராம். ஆக்சிஜனேற்றியோ ஏறத்தாழ 1,450 கிலோகிராம். அதாவது 1.6 மடங்கு. இரண்டு தொட்டிகளையும் நடுக்கோட்டிலிருந்து ஒரே தொலைவில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், கலம் ஆக்சிஜனேற்றியின் பக்கம் கனத்துவிடும்.

விளையாட்டு மைதானத்தில் சீசா பலகையில் உங்கள் தம்பியும் அப்பாவும் ஏறினால் என்ன செய்வார்கள்? அப்பா நடுவை நோக்கி நகர்ந்து உட்காருவார். தம்பி கடைசி முனையில் இருப்பான். கிரம்மன் பொறியாளர்கள் செய்ததும் அதுவே. கனமான தொட்டியை நடுக்கோட்டுக்கு அருகில் வைத்தார்கள். இலேசான எரிபொருள் தொட்டியை ஏறத்தாழ 1.6 மடங்கு தள்ளி வைத்தார்கள். அந்தத் தொட்டிதான் கன்னம்போல் உப்பித் தெரிகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இயந்திரம் எரியும்போது இரண்டு திரவங்களும் அதே 1.6 விகிதத்தில்தான் குறைகின்றன. எனவே தொட்டிகள் காலியாகிக்கொண்டே வந்தாலும் சமநிலை கெடுவதில்லை.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? தலைப்பகுதியில் இருந்தது ஒரே ஓர் ஏறும் இயந்திரம். மாற்று இயந்திரம் கிடையாது. பழுதாகும் வாய்ப்பைக் குறைப்பதற்காக, அதை அசையாமல் ஒரே திசையில் பொருத்தியிருந்தார்கள். சமநிலை பெரிதும் தவறியிருந்தால், இயந்திரத்தைத் திருப்பிச் சரிசெய்ய வழி இல்லை. சிறிய உந்திகள் மட்டுமே துணை. நிலவில் இருந்த இருவரும் வீடு திரும்புவது அந்தக் கோணல் கன்னத்தை நம்பியிருந்தது. ஆறு பயணங்களிலும் அது ஏமாற்றவில்லை.

இருக்கைகளும் இப்படித்தான் காணாமல் போயின. முதலில் வரைந்த திட்டத்தில் இருக்கைகளும் பெரிய சன்னல்களும் இருந்தன. சன்னலுக்கான தடித்த கண்ணாடி மிகவும் கனமானது. நிலவின் ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால், வீரர்கள் நின்றுகொண்டே கலத்தை ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். நின்றால் முகம் சன்னலுக்கு அருகில் வரும். சிறிய முக்கோணச் சன்னலே போதும். இருக்கைகளை எடுத்ததால் சன்னலும் சிறுத்தது. கலத்தின் எடையும் குறைந்தது.

அப்போலோ 11 வெற்றிக்குப் பிறகு வோக்ஸ்வேகன் நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் கார் இல்லை. நிலவுக்கலத்தின் படம் மட்டுமே இருந்தது. பார்க்க அழகில்லை, ஆனால் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் என்பதுதான் அதன் செய்தி.

வெப்பம் வெளியேற வேண்டாமா?

நம் கற்பனை விண்கலங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் வெப்பத்தை வெளியேற்றும் தகடு. சூடான தேநீர் ஆறுவதற்குச் சுற்றியுள்ள காற்று உதவுகிறது. விண்வெளியில் காற்று இல்லாததால் கடத்தல், சலனம் ஆகிய இரு வழிகளும் அடைபட்டுவிடுகின்றன. கதிர்வீச்சு ஒன்றே மிச்சம். மனித உடல், கணினி, இயந்திரம் எல்லாம் வெளிவிடும் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்ற அகலமான தகடுகள் வேண்டும்.

அனைத்துலக விண்வெளி நிலையத்தின் படத்தில் சூரியத் தகடுகளோடு மடிப்பு மடிப்பான வெள்ளைத் தகடுகளும் தெரியும். அவற்றின் குழாய்களில் அம்மோனியா ஓடி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 109 மீட்டர் நீளமும் 400 டன்னுக்கு மேற்பட்ட பொருண்மையும் கொண்ட அந்த நிலையம், கூர்மூக்குக் கப்பலைப் போல இல்லாமல் சாரம் கட்டிய கட்டடத்தைப் போல இருப்பதற்கு இவைபோன்ற தேவைகளே காரணம்.

1968இல் வெளிவந்த '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படம் அறிவியல் துல்லியத்துக்குப் பேர்பெற்றது. அதில் வரும் டிஸ்கவரி கலத்துக்கும் முதலில் வெப்பத் தகடுகளை வரைந்திருந்தார்கள். பிறகு, பார்வையாளர்கள் அவற்றை இறக்கைகள் என்று எண்ணிக் குழம்பிவிடுவார்கள் என அஞ்சி எடுத்துவிட்டார்கள். காற்றில் பழகிய நம் கண்ணுக்காக அறிவியல் விட்டுக்கொடுத்த இடம் அது.

ரசிகர்கள் சொன்னது தவறா?

இவ்வளவும் படித்த பிறகு, "மோவாவைக் கேலி செய்தவர்களுக்கு அறிவியல் தெரியவில்லை" என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

நிலவுக்கலத்தின் கோணலுக்குக் காரணம் உண்டு, கணக்கும் உண்டு. மோவாவின் கோணல் ஓவியர்களின் கற்பனை. தொட்டிகளை எடைபோட்டு அதை வரையவில்லை. ஈவ் ஆன்லைன் விளையாட்டின் இயக்கமும் உண்மையான விண்வெளியைப் போன்றதன்று. அங்கே இயந்திரத்தை நிறுத்தினால் கப்பல் மெல்ல வேகம் குறைந்து நின்றுவிடும், நீருக்குள் போகும் நீர்மூழ்கியைப் போல. உண்மையான விண்வெளியில், நியூட்டனின் முதல் விதிப்படி அது போய்க்கொண்டே இருக்கும். அந்த விளையாட்டில் கோணலான கப்பலும் சமச்சீரான கப்பலும் ஒன்றுபோலவே நேராகப் போகும். ஆகவே, "இந்தப் பகுதி எதற்காக இங்கே துருத்திக்கொண்டிருக்கிறது?" என்று ஒரு ரசிகர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

வேறொரு விளையாட்டையும் பார்ப்போம். மெக்சிகோவில் உருவாகி 2015இல் முழுமையாக வெளிவந்த கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில், விண்கலத்தை நீங்களே கட்ட வேண்டும். கட்டும்போது ஒரு மஞ்சள் உருண்டை பொருண்மை மையத்தைக் காட்டும். ஓர் ஊதா உருண்டை உந்துவிசையின் மையத்தைக் காட்டும். விசையின் கோடு மஞ்சள் உருண்டையை விட்டு விலகினால், எவ்வளவு அழகான கலமும் குட்டிக்கரணம் போடும். அங்கே விளையாடுபவர்கள் விகாரமான கலங்களைக் கட்டிவிட்டுப் பெருமையோடு காட்டுவதைப் பார்க்கலாம். காரணம், அவை வேலை செய்கின்றன.

ஆக, "அழகாக இருக்கிறதா?" என்பதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: "ஒவ்வொரு பகுதியும் தான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று பதில் சொல்லுமா?" 1977இல் ஏவிய வாயேஜர் கலத்திடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 13 மீட்டர் நீளத்துக்கு ஒரு கழி நீட்டிக்கொண்டிருக்கும். கலத்தின் சொந்தக் காந்தப்புலம் குறுக்கிடாதபடி காந்தமானியைத் தள்ளி வைக்கவே அது. மற்றொரு கழியில் அணுமின்கலங்கள். அவற்றின் கதிர்வீச்சு நுட்பமான கருவிகளைத் தாக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. பார்க்கக் குச்சிப்பூச்சி போல இருக்கும் அந்தக் கலம் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறது.

மூவரைக் காத்த கலம்

1970 ஏப்ரலில் அப்போலோ 13 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. முதன்மைக் கலம் மின்சாரத்தையும் ஆக்சிஜனையும் இழந்துகொண்டிருந்தது. ஜிம் லவல், ஜாக் சுவிகர்ட், பிரெட் ஹேய்ஸ் ஆகிய மூவரும் இணைந்திருந்த நிலவுக்கலத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். இரண்டு பேரை இரண்டு நாள் தாங்கக் கட்டிய கலம் அது. மூன்று பேரை ஏறத்தாழ நான்கு நாள் தாங்கியது. நிலவில் இறங்குவதற்காகப் பொருத்தியிருந்த இயந்திரமே பாதையைத் திருத்தி அவர்களைப் பூமிப் பக்கம் திருப்பியது.

பூமியை நெருங்கியதும் அவர்கள் அதைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பூமியில் காற்று இருக்கிறது. காற்றுக்குள் பாய்ந்து இறங்கக் கூம்பு வடிவமும் வெப்பக் கவசமும் கொண்ட முதன்மைக் கலம்தான் வேண்டும். நிலவுக்கலத்துக்கு அவை கிடையாது. கழற்றி விடப்பட்ட அந்தக் கலம் காற்றில் எரிந்து அழிந்தது. மூவரும் ஏப்ரல் 17ஆம் நாள் பசிபிக் பெருங்கடலில் பத்திரமாக இறங்கினார்கள்.

அழகிய கூம்பு காற்றுக்கு. கோணல் சிலந்தி வெற்றிடத்துக்கு. இரண்டும் தத்தம் இடத்துக்குப் பொருத்தமானவை. அடுத்த முறை விளையாட்டிலோ திரைப்படத்திலோ ஒரு விகாரமான விண்கலத்தைக் கண்டால் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், அந்தக் கோணல் எதற்காக என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு முதலில் நீங்கள் வரைந்த கூர்மூக்கு விண்கலத்தை எடுத்து, அதனிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.